நட்பும் புகையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையிலே புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசக் கேட்டிருக்கின்றோம். கம்பனையும் இளங்கோவையும் அவர்கள் எடுத்தோதிய இடத்திலே, பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, இரயில்வே அலுவலகத்திலே கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஒரு குமாஸ்தா நிற்பது பொருந்துமோ என்ற ஐயம் எனக்கே உண்டு. “இளைஞர் ஒழுக்கம் பற்றி ஏதேனும் பேசுக” என்று நம் செயலாளர் பணித்தபோது தட்டிக்கழிக்கவே எண்ணினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒழுக்கம் முழுவதையும் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அதனுள் ஒரு சிறு பகுதியைப் பற்றிப் பேச, வேண்டாத வழியிலே தகுதி பெற்றவன் நான். வாலிபப் பிள்ளைகள் எவ்வாறு சிகரெட்டுக்கு அடிமையாகின்றனர், அதிலே நண்பர்களின் பங்கு என்ன என்பதே அது. குற்றவாளியின் வாக்குமூலமும் வழக்குக்குப் பயன்படுமன்றோ? அவ்வாறே என் பேச்சை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்து மாலைப் பொழுது. அலுவலகம் விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். நம் காலனியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறத்திலிருந்து சிரிப்பொலி கேட்டது. எட்டிப் பார்த்தேன். நான்கு சிறுவர்கள் நின்றுகொண்டிருந்தனர். ஒரே சிகரெட்டு கை மாறிக்கொண்டிருந்தது. நான் பார்த்த கணத்திலே அது நான்காமவன் கையிலே இருந்தது. அந்த நான்காமவன் என் மகன்.

மற்ற மூவர் யாவர் என்று என்னை வினவாதீர்கள், கூறமாட்டேன். “நல்ல வேளை, நம் பிள்ளை இல்லை” என்று ஆறுதல் கொள்ளும் வாய்ப்பை யாருக்கும் அளிக்க நான் விரும்பவில்லை. என் மகனைப் பற்றியும் அவனுடைய இசைவு பெற்றே இங்குக் கூறுகின்றேன்.

அன்று எனக்கு வந்த சினம் சொல்லுந்தரமன்று. கை ஓங்கிவிட்டேன். ஆனால் ஓங்கிய கை இறங்கவில்லை. காரணம், அந்தக் கைக்கு ஒரு பழைய கதை உண்டு. முப்பது ஆண்டுகளாக மனைவியிடங்கூட நான் முழுமையாகக் கூறாத கதை அது.

1994ஆம் ஆண்டு. எனக்குப் பதினைந்து வயது. என் தந்தையார் இரயில்வேப் பணியாளர். சிகரெட்டுப் பழக்கம் உள்ளவர். தெருமுனையிலுள்ள பான் டப்பாவுக்கு என்னை அனுப்பி, சிகரெட்டு வாங்கிவரச் சொல்வார். மீதிச் சில்லறை எனக்கு. அக்காலத்திலே அது யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை. எனக்கும் சில்லறையே பெரிதாகத் தோன்றியது.

பள்ளி விட்டதும் நாங்கள் ஐந்து பேர் ஓர் ஈரானி தேநீர்க் கடையிலே கூடுவோம். இரண்டு கோப்பைத் தேநீரை ஐவர் பகிர்ந்துகொள்வோம். காசு இருந்தால் உஸ்மானியா பிஸ்கட்டும் உண்டு. எங்களுள் மூத்தவன் ஒருவன் முதலிலே பற்ற வைத்தான். அடுத்தவன் வாங்கினான். மூன்றாவதாக என்னிடம் வந்தது. இருமினேன், கண்ணிலே நீர் வந்தது, சுவை கசந்தது. நெஞ்சார உரைக்கின்றேன், அதிலே ஓர் அணுவளவும் இன்பம் இல்லை. ஆயினும், நால்வரும் என் முதுகிலே தட்டிச் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பிலே இன்பம் இருந்தது. “நீயும் எங்களில் ஒருவன்” என்று அவர்கள் வாய் திறந்து கூறவில்லை. அந்தத் தட்டல் கூறியது. மறுநாளும் பிடித்தேன். ஒரு மாதத்திலே இருமல் நின்றது. பழக்கம் நின்றுவிட்டது, அதாவது நிலைத்துவிட்டது.

எங்களுள் ஒருவன் மட்டும் பிடிக்கவில்லை. நன்றாகப் படிப்பான், கணக்கிலே புலி. அவன் பெயரை நான் கூறப்போவதில்லை. அவனுக்கு முன்னால் ஒருநாள் நான் சிகரெட்டை நீட்டினேன். “வேண்டாம்” என்றான். நான் சிரித்தேன். “க்யா ரே, டர் லக்ரா?” என்று நம் ஊர்த் தக்கினி மொழியிலே கேலி செய்தேன். “என்னடா, பயமா?” என்பதைத் தமிழிலே கேட்டிருந்தால் அவ்வளவு சுட்டிருக்காது போலும். மற்ற மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். அவன் ஒருமுறை எங்கள் நால்வர் முகத்தையும் பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

அவனுக்கு முதல் சிகரெட்டைக் கொடுத்தது இந்தக் கை.

காலம் உருண்டது. என் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையிலே எனக்கு வேலை கிடைத்தது. திருமணமாகி, மகன் பிறந்த ஆண்டிலே பெரும்பாடுபட்டு நான் சிகரெட்டை விட்டேன். அவனால் விட இயலவில்லை. எத்தனையோ முறை முயன்றான். நாள் ஒன்றுக்கு ஒரு பெட்டி என்றிருந்தது இரண்டாயிற்று. 2019ஆம் ஆண்டிலே, நாற்பதாவது வயதிலே, மாரடைப்பினாலே மாண்டான். சிகரெட்டு ஒன்றே அவனைக் கொன்றது என்று நான் கூறமாட்டேன். அவ்வாறு கூற நான் மருத்துவன் அல்லன். ஆனால் இளவயதிலே மாரடைப்பு வருவதற்குப் புகைபிடித்தல் ஒரு பெருங்காரணம் என்று மருத்துவர் அன்று அவன் மனைவியிடம் கூறியதை, அருகிலே நின்று கேட்டவன் நான். அந்த அம்மையாரின் முகத்தை நேருக்கு நேர் காண இன்றளவும் எனக்குத் துணிவு வரவில்லை.

அன்பர்களே! என் கதை இவ்வளவே. இனி, கற்றறிந்தோர் இதைப் பற்றி என்ன கூறுகின்றனர் என்பதைப் பார்ப்போம். மகனைக் கண்ட அந்த மாலைக்குப் பின்னர், தெரிந்தவர்களிடம் கேட்டும், படித்தும் சிறிது அறிந்துகொண்டேன்.

சாலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1951ஆம் ஆண்டிலே ஒரு சோதனையை வெளியிட்டார். ஓர் அறையிலே சில மாணவர்களை அமரச் செய்து, ஓர் அட்டையிலே ஒரு கோட்டையும், மற்றோர் அட்டையிலே மூன்று கோடுகளையும் காட்டினார். முதற்கோட்டுக்குச் சமமான நீளமுள்ள கோடு எது என்பதே வினா. சிறு பிள்ளையும் விடை கூறிவிடும். ஆனால் அங்கிருந்தவர்களுள் ஒருவனைத் தவிர ஏனையோர் அனைவரும் ஆசிரியரோடு முன்னரே பேசி வைத்துக்கொண்டவர்கள். வேண்டுமென்றே தவறான விடையை ஒரே குரலிலே கூறினர். பலருக்குப் பின்னர் விடை கூற வேண்டிய அந்த ஒருவன் என்ன செய்தான்? கண் கண்டதை விட்டுவிட்டுக் கூட்டம் சொன்னதையே பலமுறை சொன்னான். இவ்வாறு சோதிக்கப்பட்டவர்களின் விடைகளிலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு ஒத்துப்போன தவறான விடைகளாக இருந்தன. நால்வரில் மூவர், ஒருமுறையேனும் கூட்டத்தின் பின்னே சென்றனர்.

கோட்டின் நீளத்திலே யாருக்கும் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை.  அங்கேயே நிலைமை இதுவென்றால், நாள்தோறும் முகம் பார்க்க வேண்டிய தோழர்களின் நடுவிலே நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் நிலை என்னவாகும்?

அதிலும் அந்த வயதுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. 2005ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலே கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்னும் இருவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கணிப்பொறியிலே மோட்டார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்து, தனியே ஆடும்போதும் தோழர்கள் அருகிலிருந்து பார்க்கும்போதும் எவ்வளவு ஆபத்தை மேற்கொள்கின்றனர் என்று கவனித்தனர். தோழர் முன்னிலையிலே பதின்மூன்று முதல் பதினாறு வயதுப் பிள்ளைகள் தனியே இருந்ததைக் காட்டிலும் மிகுதியான ஆபத்தை விரும்பி ஏற்றனர். வயது முதிர்ந்தவர்களிடம் அத்தகைய வேறுபாடு பெரிதாகக் காணப்படவில்லை. முன்பின் ஆராய்ந்து தன்னைத் தானே தடுத்து நிறுத்தும் ஆற்றலைத் தரும் மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டே இருக்கின்றது. மெச்சப்பட வேண்டும் என்ற ஆசையோ அதற்கு வெகுகாலம் முன்னரே முழு வேகத்தோடு வந்துவிடுகின்றது. இரயில்வேக்காரனின் மொழியிலே கூறுவதானால், இன்ஜின் வந்து சேர்ந்துவிட்டது. பிரேக்கு வண்டி இன்னும் வந்து சேரவில்லை.

அந்த நேரத்திலேதான் புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்ற நஞ்சு உள்ளே நுழைகின்றது. புகையை உள்ளிழுத்த சில விநாடிகளிலேயே அது மூளையை எட்டிவிடுகின்றது. வளரும் மூளையை அது பற்றிக்கொள்ளும் பிடி, முதிர்ந்த மூளையிலே பற்றும் பிடியைவிட வலிது. ஆகவேதான் வாழ்நாள் முழுவதும் புகைப்போரிலே மிகப் பலர் இளமையிலேயே தொடங்கியவர்களாக இருக்கின்றனர். தொடக்கி வைப்பது தோழனின் சிரிப்பு. தொடரச் செய்வது நிக்கோட்டின். சிரித்த தோழன் என்றோ ஊர் மாறிப் போய்விடுவான். நிக்கோட்டின் போவதில்லை.

இரயில் பாதையிலே பாயிண்டு என்று ஒன்று உண்டென்பது இங்குள்ள பெரும்பாலோர்க்குத் தெரியும். சில அங்குலந்தான் நகரும். ஆனால் அந்தச் சில அங்குலத்தினாலே, காசிப்பேட்டை செல்ல வேண்டிய வண்டி வாடிப் பாதைக்குச் சென்றுவிடும். பதினைந்து வயதிலே கையிலே வாங்கும் முதல் சிகரெட்டு அத்தகையது.

இங்கு ஒரு கேள்வி எழலாம். “கெட்ட சகவாசமே பிள்ளையைக் கெடுக்கின்றது என்கிறீரே, கெடும் எண்ணமுள்ள பிள்ளைதானே கெட்ட சகவாசத்தைத் தேடிப் போகின்றான்?” நியாயமான கேள்வி. இரண்டுமே உண்மை என்பது அறிஞர் துணிபு. இனம் இனத்தைத் தேடுகின்றது. தேடிச் சேர்ந்தபின் இனமாகவே மாறுகின்றது. நம் வள்ளுவப் பெருந்தகையும் இதனை உணர்ந்தன்றோ, நட்பு என்று ஓர் அதிகாரம் பாடியதோடு நில்லாமல், நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு, சிற்றினம் சேராமை என்று தனித்தனி அதிகாரங்களை வகுத்தார்? பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பதை நாம் பெருமையோடு கூறுகின்றோம். புகையோடு சேர்ந்த நாரும் அந்த நாற்றத்தைப் பெறும் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும்.

ஆயினும், பழி முழுவதையும் பிறர் வீட்டுப் பிள்ளையின் தலையிலே சுமத்துவது முறையன்று. என் மகனைக் கெடுத்த தோழன் வேறொரு வீட்டுப் பிள்ளை என்றால், அந்த வீட்டாருக்கு என் மகன்தான் கெடுத்த தோழன். 1994ஆம் ஆண்டிலே என் நண்பனின் தாயார் தம் மகனை எச்சரிக்க விரும்பியிருந்தால், அவர் காட்டியிருக்க வேண்டிய கெட்ட சகவாசம் நானே. நானோ, கோயிலுக்குச் சென்று திருநீறு அணிந்து, பெரியோரை வணங்கி, எல்லாராலும் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தவன். கெட்ட சகவாசம் நெற்றியிலே எழுதிக்கொண்டு வருவதில்லை, அன்பர்களே!

மேலும், தோழன் பற்ற வைப்பதற்கு முன்னரே வீடு திரியை எடுத்து வைத்துவிடுகின்றது. கடைக்கு அனுப்பிய என் தந்தையாரை நான் குறை கூறவில்லை. அக்கால வழக்கம் அது. ஆனால் இன்றும் வீட்டுத் தாழ்வாரத்திலே அமர்ந்து புகைத்துக்கொண்டே, “நீ பிடிக்காதே” என்று பிள்ளைக்கு உபதேசிக்கும் தந்தையர் நம்மிடையே உண்டு. பிள்ளையின் காது அந்த உபதேசத்தைக் கேட்கின்றது. கண்ணோ புகையைப் பார்க்கின்றது. கண்ணே வெல்லும்.

நம் நகருக்கும் சிகரெட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1930ஆம் ஆண்டிலே வஜீர் சுல்தான் புகையிலைக் கம்பெனி இந்நகரிலே தோன்றிற்று. நகரின் புகழ்ச் சின்னமான சார்மினாரின் பெயரையே தாங்கிய அதன் சிகரெட்டு இந்தியா முழுவதும் பரவிற்று. 1591ஆம் ஆண்டிலே குலி குதுப் ஷா எழுப்பிய மண்டபத்தின் பெயரைக் கேட்டால், கட்டடத்தைக் கண்டறியாத ஊராருக்குச் சிகரெட்டே நினைவுக்கு வந்த காலமும் உண்டு. அதனாலே பலருக்குப் பிழைப்புக் கிடைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் பிழைப்பு வேறு, பிள்ளைகளின் உயிர் வேறு.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. பொது இடங்களிலே, இரயில் வண்டிகள் உட்பட, புகைபிடித்தலைத் தடுக்குமாறு 2001ஆம் ஆண்டு நவம்பரிலே உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவருக்குச் சிகரெட்டு விற்பதையும், கல்விக் கூடங்களிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதையும் குற்றமாக்கிற்று. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளிலே, பொது இடப் புகைத் தடை நாடெங்கும் புது விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. மின்சிகரெட்டுகள் 2019ஆம் ஆண்டிலே தடை செய்யப்பட்டன. ஹூக்காக் கூடங்களைத் தடுக்கும் சட்டத் திருத்தத்தை நம் தெலங்கானாச் சட்டப் பேரவை 2024ஆம் ஆண்டு பிப்ரவரியிலே நிறைவேற்றிற்று. எல்லாம் நன்றே. ஆனால் சட்டம் கடைக்காரனைத்தான் தடுக்கும். முதல் சிகரெட்டைப் பெரும்பாலும் யாரும் கடையிலே வாங்குவதில்லை, தோழனிடந்தான் வாங்குகின்றனர். தோழன் நீட்டும் கையைத் தடுக்க எந்தச் சட்டம் உண்டு?

சட்டம் இல்லாத இடத்திலே நட்பே சட்டமாக வேண்டும். இனி நான் கூறப்போவது நம்பிக்கை தரும் செய்தி. இளஞ்செல்வங்கள் செவிசாய்த்துக் கேட்கவேண்டும்.

முதலாவது செய்தி. “எல்லாரும் பிடிக்கின்றார்கள், நான் ஒருவன் மட்டும் எப்படி?” என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். இது பொய். 2019ஆம் ஆண்டிலே நம் நாட்டுப் பள்ளிகளிலே பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரையுள்ள மாணவரிடையே எடுத்த கணக்கெடுப்பின்படி, ஏதேனும் ஒரு வகையிலே புகையிலையைப் பயன்படுத்துவோர் நூற்றுக்கு 8.5 பேர். அதாவது, நூறு பேரில் தொண்ணூற்று ஒருவர் அதைத் தொடுவதில்லை. ஆனால் தொடாதவன் தொடவில்லை என்று பறை அறைந்துகொண்டு திரிவதில்லை. புகைப்பவனோ தெருமுனையிலே நின்று காட்டுகின்றான். ஆகவே அந்தச் சிலரே எல்லாருமாகத் தோன்றுகின்றனர். தம்பி! நீ வேண்டாம் என்று சொன்னால் தனித்துப்போக மாட்டாய், பெருங்கூட்டத்திலே சேர்ந்துகொள்வாய்.

இரண்டாவது செய்தி. முன்னே கூறிய ஆஷ் என்பவரின் சோதனைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. கூட்டத்திலே ஒரே ஒருவனை மட்டும் சரியான விடையைக் கூறுமாறு அவர் ஏற்பாடு செய்தார். உடனே நிகழ்ந்த மாறுதல் வியப்புக்குரியது. கூட்டத்துக்கு அஞ்சித் தவறிய விடைகள் முன்பிருந்ததில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. கூட்டம் முழுவதும் மாற வேண்டியதில்லை. பக்கத்திலே நின்று உண்மையைச் சொல்ல ஒருவன் இருந்தால் போதும்.

மூன்றாவது செய்தி, நம் சென்னையைச் சேர்ந்தது. 2004ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை, சென்னையிலும் தில்லியிலும் 32 பள்ளிகளிலே ‘மைத்ரி’ என்ற பெயரிலே ஒரு முயற்சி நடைபெற்றது. மைத்ரி என்றால் நட்பு. ஆசிரியர் உபதேசிப்பதோடு நில்லாமல், மாணவருள்ளேயே தலைவர்களைத் தேர்ந்து பயிற்றுவித்து, அவர்களைக் கொண்டே தோழர்களோடு உரையாடச் செய்தனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர்க் கணக்கெடுத்தபோது, இந்தப் பயிற்சி நடவாத பள்ளிகளிலே புகையிலைப் பழக்கம் நூற்றுக்கு 68 பங்கு கூடியிருந்தது. பயிற்சி நடந்த பள்ளிகளிலோ நூற்றுக்கு 17 பங்கு குறைந்திருந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளிலே 59 பள்ளிகளில் நடந்த இது போன்ற மற்றொரு முயற்சியும் நற்பயன் அளித்ததென்று 2008ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. அங்கே நல்ல மதிப்பெண் வாங்கியவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. “உங்களுள் யார் சொன்னால் மற்றவர் கேட்பார்கள்?” என்று மாணவரையே வினவி, அவர்கள் காட்டியவர்களைப் பயிற்றுவித்தனர். குறும்புக்காரப் பிள்ளைகளும் அதிலே இடம் பெற்றிருக்கலாம். கெடுக்கும் ஆற்றல் உள்ளவனுக்கே திருத்தும் ஆற்றலும் உண்டு போலும்!

நான்காவது செய்தி, பெரியவர்களுக்கு. அமெரிக்காவிலே பிரேமிங்காம் என்னும் ஊரைச் சேர்ந்தவர்களையும் அவர்தம் உறவினர், நண்பர்களையும், பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரை, 1971 முதல் 2003 வரை கவனித்த கணக்கை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். நண்பன் ஒருவன் சிகரெட்டை விட்டால், மற்றவன் புகைப்பவனாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 36 பங்கு குறைந்தது. கணவன் மனைவியருள் ஒருவர் விட்டால், மற்றவரிடம் அது 67 பங்கு குறைந்தது. பற்றுவது மட்டுமன்று, விடுவதும் தொற்றிக்கொள்ளும் என்பது இதனாலே விளங்குகின்றது.

“இத்தனை ஆண்டு பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன பயன்?” என்று கேட்கும் அண்ணன்மாருக்கும் ஒரு விடை உண்டு. ரிச்சர்டு டால் என்ற ஆங்கில மருத்துவரும் அவருடைய துணைவர்களும் பிரிட்டனிலுள்ள மருத்துவர்களையே 1951ஆம் ஆண்டு முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். விடாது புகைத்தவர் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தனர். அறுபது வயதிலே விட்டவர் அதிலே மூன்று ஆண்டுகளை மீட்டனர். ஐம்பதிலே விட்டவர் ஆறு ஆண்டுகளை மீட்டனர். நாற்பதிலே விட்டவர் ஒன்பது ஆண்டுகளை மீட்டனர். வங்கியிலே வைத்த பணமும் இவ்வளவு உறுதியாகத் திரும்பி வருவதில்லை. விட விரும்புவோர் 1800112356 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலே பேசலாம். இது மத்திய அரசின் இலவச உதவி எண். வெட்கப்பட வேண்டியதில்லை. நான் விட்ட காலத்திலே இத்தகைய துணை இருப்பதாக அறிந்திலேன்.

இனி, நம் காலனியிலே செய்யக்கூடியவை சிலவற்றைக் கூறி அமர்கின்றேன்.

தந்தையர்க்கு ஒரு விண்ணப்பம்: பிள்ளையைச் சிகரெட்டு வாங்க அனுப்பாதீர்கள். உங்களால் விட இயலாவிட்டாலும், “என்னால் விட முடியவில்லை, இதனால் நான் படும் பாட்டைப் பார்” என்று பிள்ளையிடம் உண்மையைக் கூறுங்கள். உபதேசத்தைவிட அந்த உண்மை அவனைத் தொடும்.

அன்னையர்க்கு ஒரு விண்ணப்பம்: மகனுடைய தோழர்களைத் தெருவிலே நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு அழையுங்கள். நான்கு இட்டிலி கூடுதலாக வேகட்டும். யார் அவன் தோழன் என்று அறியாத தாய், அவனை எவ்வாறு காக்க இயலும்?

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்: மாலை நேரத்திலே நம் பிள்ளைகள் கூடுவதற்கு இடம் வேண்டும். சங்கக் கட்டடத்தின் பின்னறை ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கின்றது. அதைத் திறந்து ஒரு கேரம் பலகையும் நான்கு நாளிதழ்களும் வைத்தால், தண்ணீர்த் தொட்டியின் பின்புறம் காலியாகும். சாவியை வைத்துக்கொண்டு நாள்தோறும் திறந்து மூடும் பொறுப்பை நானே ஏற்கச் சித்தமாயிருக்கின்றேன்.

இளஞ்செல்வங்களுக்கு ஒரு விண்ணப்பம்: நீட்டுபவனோடு தருக்கம் செய்ய வேண்டாம். “வேண்டாம், நீ பேசு, நான் கேட்கின்றேன்” என்று கூறி அங்கேயே நில்லுங்கள். அதனாலே உங்களை விலக்குபவன் உங்களை விரும்பியவன் அல்லன். கூட்டாளி ஒருவனைத் தேடியவன். அதனினும் முக்கியமானது ஒன்று: வேறொருவன் வேண்டாம் என்னும்போது சிரிக்காதீர்கள். அவன் பக்கத்திலே போய் நில்லுங்கள்.

இந்தக் கடைசி விண்ணப்பம் என்னுடையதன்று, என் மகனுடையது. ஓங்கிய கை இறங்காத அந்த மாலையிலே, நால்வரையும் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். மனைவி காப்பி கொடுத்தாள். இன்று உங்களிடம் கூறிய கதையை அவர்களிடம் முதன்முதலாகக் கூறினேன். கேட்டு முடித்ததும் மூவர் தலை குனிந்திருந்தனர். என் மகன் மட்டும் நிமிர்ந்து கேட்டான்:

“அப்பா, அன்றைக்கு அவர் வேண்டாம் என்று சொன்னபோது, உங்களில் ஒருவராவது ‘எனக்கும் வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால்?”

என்னால் விடை கூற இயலவில்லை. ஆஷ் என்ற அறிஞரை நான் அப்போது அறியேன். அவர் சோதனையின் பிற்பகுதியை என் மகன் என்னிடம் கேள்வியாகக் கேட்டான் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

என் மகன் இனி ஒருபோதும் தொடமாட்டான் என்று நான் இம்மேடையிலே சூளுரைக்கமாட்டேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்காகச் சூளுரைக்க எந்தத் தந்தையாலும் இயலாது. ஆனால் அந்த நால்வரும் இப்போது வாரம் ஒருமுறையேனும் எங்கள் வீட்டுக் கூடத்திலே அமர்ந்து கணக்குப் போடுகின்றனர் என்பதை மட்டும் கூறிக்கொள்கின்றேன். கணக்கிலே புலியாயிருந்த ஒருவனுடைய நினைவு அப்போதெல்லாம் எனக்கு வருகின்றது.

ஆந்திரத்தவரும் தக்கினியரும் வாழும் இவ்வூரிலே, தாய்மொழி கேட்கவேண்டும் என்பதற்காகவே நம் முன்னோர் இச்சங்கத்தைக் கண்டனர். ஒருவருக்கொருவர் துணை நிற்பதும் அவர்கள் கருத்தே. மொழியைக் காப்பதோடு, அம்மொழியைப் பேசப்போகும் பிள்ளைகளின் உயிரையும் சேர்த்துக் காப்போமாக!

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!